இருபுறமும் வர்க்கப்படுத்திய பின்

ஒரு மனிதன் ஒரு பொய்யும் சொல்லாமல், ஓர் அடியும் பிசகாமல், நேர்மையாகவே நடந்து சென்று பொய்யான ஒரு முடிவில் போய் நிற்க முடியுமா? முடியாது என்றே நம்மில் பெரும்பாலோர் கருதுகிறோம். முடிவு பொய் என்றால் வழியில் எங்கோ ஒரு குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்து, செய்தவரைச் சுட்டிக்காட்டிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்பது நம் எண்ணம். வழக்குமன்றங்களும் குடும்பச் சச்சரவுகளும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நடைபெறுகின்றன. ஆனால் பள்ளி இயற்கணிதத்தில் ஒரு சிறு பகுதி இந்த நம்பிக்கைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. தெரியாத எண் வர்க்கமூலக் குறிக்குள் ஒளிந்திருக்கும் சமன்பாடுகளைத் தீர்க்கின்ற பகுதி அது. மாணவர்கள் அதை விரும்புவதில்லை. ஆசிரியர்களும் இரண்டு வகுப்புகளில் முடித்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அப்படி விரைந்து கடந்து போகத்தக்கதன்று அது என்பது என் கருத்து.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் கழுவெளியின் உவர்நீருமாக, நடுவே வெள்ளைப் பாத்திகள் விரிந்து கிடக்கும் மரக்காணத்தை வாசகர்களில் பலர் பேருந்துச் சன்னல் வழியாகவேனும் பார்த்திருப்பார்கள். அக்கரையோரப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் இக்கணக்கைச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆகவே எடுத்துக்காட்டுகள் அம்மண்ணின் பக்கமே சாய்ந்தால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஓர் எண்ணோடு 6ஐக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால், அதே எண் திரும்பக் கிடைக்கிறது. அந்த எண் யாது? தெரியாத எண்ணைக் ‘க’ என்று வைத்துக்கொண்டால், √(க + 6) = க. வர்க்கமூலக் குறி இருக்கும்வரை எண் வெளிவராது. எனவே இருபுறமும் வர்க்கப்படுத்துகிறோம். இடப்புறம் க + 6 ஆகிறது. வலப்புறம் க² ஆகிறது. காரணிப்படுத்தினால் இரண்டு விடைகள் கிடைக்கின்றன: 3, −2.

இப்போது இரண்டையும் தொடக்க வரியில் வைத்துப் பாருங்கள். 3ஐ வைத்தால் √9 = 3. பொருந்துகிறது. −2ஐ வைத்தால் √4, அதாவது 2. ஆனால் வலப்புறத்தில் நிற்பதோ −2. பொருந்தவில்லை. இரண்டாவது விடை பொய்.

எந்தப் படியில் பிழை நேர்ந்தது? ஒன்றிலும் இல்லை. சமமான இரண்டை வர்க்கப்படுத்தினால் அவை சமமாகவே இருக்கும். அது மறுக்கவியலாத உண்மை. காரணிப்படுத்தியதும் சரி. விடைத்தாளைத் திருத்துகிறவர் எந்த வரியின் மேலும் சிவப்புக் கோடு இழுக்க முடியாது. ஆயினும் கடைசி வரியில் ஒரு பொய் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வர்க்கப்படுத்துதல் ஒருவழிப் பாதை. சமமானவை வர்க்கத்திலும் சமமாகும். ஆனால் வர்க்கத்தில் சமமானவை முதலிலேயே சமமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. 2ஐயும் −2ஐயும் வர்க்கப்படுத்துங்கள்; இரண்டும் 4 ஆகிவிடுகின்றன. அவற்றினிடையே இருந்த வேறுபாடு, எண்கோட்டில் வலமும் இடமுமான அந்த வேறுபாடு, அழிந்துவிட்டது. 400 சதுர மீட்டர் பரப்புள்ள சதுரப் பாத்தி ஒன்றின் பக்கம் என்ன என்று உப்பளத்துப் பிள்ளையைக் கேட்டால் 20 மீட்டர் என்று உடனே சொல்லும். −20ஐயும் வர்க்கப்படுத்தினால் 400 வருமே என்று நாம் சொன்னால் சிரிக்கும். பாத்தி கண்ணுக்கு முன்னால் இருப்பதால் வந்த சிரிப்பு அது. கரும்பலகையில் பாத்தி இல்லை. குறிகள் மட்டுமே உள்ளன. ஆகவே அங்கே எவரும் சிரிப்பதில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். √(க + 6) = −க என்ற மற்றொரு சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதையும் வர்க்கப்படுத்தினால் முன்பு கிடைத்த அதே வரி கிடைக்கும். அதே 3, அதே −2. ஆனால் இங்கே மெய்யும் பொய்யும் இடம் மாறிவிடுகின்றன. −2 மெய்யாகிறது, 3 பொய்யாகிறது. ‘குறை எண் வந்தால் தள்ளிவிடு’ என்று குறுக்குவழி கற்றிருக்கும் மாணவன் இங்கே மெய்யைத் தள்ளிப் பொய்யை வைத்துக்கொள்வான். அந்தக் குறுக்குவழியைப் பல பயிற்சி வகுப்புகள் இன்றும் கற்றுக்கொடுக்கின்றன என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். விடையின் முகத்தைப் பார்த்து அது மெய்யா பொய்யா என்று சொல்ல முடியாது. எந்தக் கேள்விக்கு அது விடை என்பதைப் பார்த்தே சொல்ல முடியும். நாம் தள்ளிய −2 அர்த்தமற்ற எண் அன்று; வேறொரு கேள்விக்கு அது முற்றிலும் உண்மையான விடை. நாம் கேட்காத அந்தக் கேள்வி, நாம் வர்க்கப்படுத்தியபோது திறந்த கதவின் வழியே, நம்மையறியாமல் உள்ளே நுழைந்துவிட்டது.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யப் பழகியவர்கள் நாம். கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் தவறினேனா, அதில் தவறினேனா என்று கேட்டுப் பார்க்கிறோம். நல்ல பழக்கம், அதை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் அது படிகளைச் சோதிக்கும் முறை. இந்தச் சமன்பாட்டின் முன்னால் அந்த முறை வெறுங்கையோடு திரும்பும். திருடவில்லை, பொய் சொல்லவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. எனினும் என் செயல்களின் முடிவில் ஒருவன் நீதி கிடைக்காமல் நிற்கிறான். மன்னிப்புக் கேட்பதற்குக் குற்றம் அகப்படவில்லை. நிற்கிறவனை இல்லையென்று சொல்லவும் முடியவில்லை. இந்நிலையில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: ‘என் மனச்சான்று தெளிவாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம். அந்த வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம். விடை பொய்யாக இருப்பதற்கு அது தடையாகாது.

ஆகவே பொறுப்பு என்பது குற்றத்திலிருந்து வேறான ஒன்றாக இருக்க வேண்டும். வர்க்கப்படுத்தியவன் குற்றவாளி அல்லன். அந்தக் கணக்கில் வர்க்கப்படுத்தாமல் எவரும் முன்னேற முடியாது. ஆனால் வர்க்கப்படுத்தியவனுக்கு ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது: தொடக்க வரிக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய கடன். சாதாரண ஒருபடிச் சமன்பாட்டில் விடையைச் சரிபார்ப்பது கவனக்குறைவுக்கு ஒரு காப்பு. செய்யாவிட்டாலும் தீர்வு தீர்வுதான். இங்கே அப்படியன்று. சரிபார்த்தல் தீர்வின் ஓர் உறுப்பு. அதைச் செய்யாதவன் கணக்கைப் பாதியில் விட்டவன். இந்த வேறுபாட்டை மாணவர்க்கு விளங்கவைப்பதுதான் கடினம். ‘சரியாகத்தானே செய்தேன், ஐயா? ஏன் மறுபடி பார்க்க வேண்டும்?’ என்பார்கள். அவர்கள் குரலில் ஒரு மனத்தாங்கல் இருக்கும். சரிபார்க்கச் சொல்வது தங்களை நம்பாததன் அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களாகி அலுவலகங்களில் அமர்ந்த பிறகும் இந்த மனத்தாங்கல் போவதில்லை.

நம் நாட்டில் இக்கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1114இல் பிறந்த பாஸ்கராச்சாரியர் 1150இல் எழுதி முடித்த நூலின் ஒரு பகுதியான லீலாவதியில் வண்டுக்கூட்டக் கணக்கு ஒன்று வருகிறது. ஒரு கூட்டத்தின் பாதியினுடைய வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை வண்டுகள் மாலதிப் பூவை நாடிச் சென்றன, மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அப்படியே போயின, எஞ்சியவை இரண்டு. ஆண் வண்டு மணத்தில் மயங்கி இரவில் மூடிய தாமரைக்குள் சிக்கி முரல, பெண் வண்டு வெளியே நின்று மறுமொழி முரல்கிறது. கூட்டத்தில் எத்தனை வண்டுகள்? விடை 72. பாதி 36, அதன் வர்க்கமூலம் 6. ஒன்பதில் எட்டுப் பங்கு 64. இரண்டைச் சேர்த்தால் 72. ஆனால் சமன்பாட்டைத் தீர்க்கும்போது நாலரை என்ற மற்றொரு விடையும் வெளிவருகிறது. அது குறை எண் அன்று என்பதைக் கவனியுங்கள். அதைத் தொடக்க வரியில் வைத்தால் பாதி இரண்டேகால், வர்க்கமூலம் ஒன்றரை. ஒன்பதில் எட்டுப் பங்கு 4. இரண்டைச் சேர்த்தால் ஏழரை வருகிறது, நாலரை வரவில்லை. கணக்கிலேயே அது தோற்றுவிடுகிறது. அரை வண்டு பறப்பதில்லை என்று சொல்லும் தேவைகூட எழவில்லை.

அதே ஆசிரியருடைய பீஜகணிதத்தில் உள்ள குரங்குக் கணக்கோ இதனினும் ஆழமானது. ஒரு குரங்குக் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தினால் எத்தனையோ, அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் மரக்கிளையில் தெரிகிறது. விடைகள் இரண்டு: 50, 5. ஐம்பதைச் சோதிப்போம்: ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று போக 7, வர்க்கம் 49, ஒன்றைச் சேர்த்தால் 50. ஐந்தைச் சோதிப்போம்: ஐந்தில் ஒரு பங்கு 1, மூன்று போக −2, வர்க்கம் 4, ஒன்றைச் சேர்த்தால் 5. இதுவும் பொருந்துகிறது! சமன்பாடு அதற்கு நற்சான்று கொடுத்துவிட்டது. ஆனாலும் பாஸ்கரர் ஐந்தை ஏற்கவில்லை. கழித்தால் குறையாகிவிடும் ஒரு தொகையை உலகத்தார் ஏற்பதில்லை என்ற பொருள்படக் காரணம் கூறி அதை ஒதுக்கிவிட்டார். ஒரே ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்குகளை எப்படி விலக்குவது?

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கணித மேதை இதற்கு மக்களின் ஏற்பைத் துணைக்கு அழைத்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. அவர் குறை எண்களை அறியாதவர் அல்லர். அவற்றை நன்றாகவே கையாண்டவர். எனினும் எண்கள் ஒப்புக்கொண்ட பிறகும் விடையைக் கதைக்குள் திரும்ப அனுப்பி, மரத்தையும் குகையையும் கேட்டார். அப்படியானால் திரும்பிச் செல்லும் பயணத்தில் இரண்டு நிறுத்தங்கள் உள்ளன. முதல் நிறுத்தம் சமன்பாட்டின் தொடக்க வரி. இரண்டாவது, அந்த வரி எதைப் பற்றி எழுதப்பட்டதோ அது. முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிடுகிறவர்கள் பலர்.

வர்க்கப்படுத்தும்போதெல்லாம் பொய் வந்து சேருமோ என்றால், இல்லை. இருபுறமும் உள்ள அளவுகள் குறையாக இருக்கவே முடியாதவை என்று முன்னமே தெரிந்திருந்தால், வர்க்கப்படுத்துதல் எந்த வேறுபாட்டையும் அழிப்பதில்லை. ஆழிப்பேரலையின் விரைவு அதற்கு எடுத்துக்காட்டு. கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், அந்த ஆழத்தில் பேரலை செல்லும் விரைவு கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 198 மீட்டர். அதாவது மணிக்கு 710 கிலோமீட்டர் அளவு. கரையருகே 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். விரைவு குறையக் குறைய அலை உயர்ந்தெழும். இச்சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு 1856இல் அமெரிக்க அறிஞர் அலெக்சாண்டர் டல்லஸ் பாச்சே ஓர் அரிய செயல் செய்தார். 1854இல் சப்பான் கரையில் எழுந்த பேரலை கலிபோர்னியாக் கரையின் அலைமானிகளில் பதிவான நேரத்தைக் கொண்டு அதன் விரைவைக் கண்டு, விரைவை வர்க்கப்படுத்தி, பசிபிக் பெருங்கடலின் சராசரி ஆழத்தை மதிப்பிட்டார். கயிறு விட்டு எவரும் அந்தக் கடலை முழுமையாக அளந்திராத காலம் அது. பின்னாளில் அளந்தறிந்த ஆழங்களுக்கு அவர் மதிப்பீடு வெகு தொலைவில் இல்லை.

அந்தச் சூத்திரம் மரக்காணத்துக் குப்பங்களுக்கு 2004 டிசம்பர் 26இல் வந்து சேர்ந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் நில நடுக்கம் நேர்ந்தபோது இங்கே காலை ஆறரை மணியளவு. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஓர் எளிய வர்க்கமூலக் கணக்கு அந்த இடைவெளியை முன்கூட்டியே சொல்லியிருக்கும். சொல்ல இங்கே எந்த ஏற்பாடும் இல்லை. கரை நெடுக எத்தனை உயிர்கள் போயின என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மீண்டும் பேரலை வரக்கூடும் என்று அரசின் எச்சரிக்கை ஒன்று வெளிவந்தது. பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்களும் உணவு வழங்கிக்கொண்டிருந்தவர்களும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேற்கே ஓடினார்கள். அலை வரவில்லை. சோதித்துப் பார்க்கக் கடலில் எந்தக் கருவியும் இல்லாத நிலையில் வெளியிடப்பட்ட முடிவு அது. பின்னர் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நில நடுக்கம் நேர்ந்தபோது, அந்த அளவைக் கொண்டு கணித்த எவரும் பேரலையை எதிர்பார்த்தே இருப்பார்கள், எச்சரிக்கையும் விடப்பட்டது, மக்கள் கரையை விட்டு நீங்கினார்கள். ஆனால் அன்று நிலத்தட்டுகள் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தனவே தவிர, கடலடித் தளம் பெரிதாக மேலெழவில்லை. ஆழ்கடல் மிதவைகளும் அலைமானிகளும் சிறு அசைவையே காட்டின. சில மணி நேரத்தில் எச்சரிக்கை நீக்கப்பட்டது.

இரண்டு நாள்களிலும் மக்கள் ஓடினார்கள். இரண்டு நாள்களிலும் அலை வரவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆயினும் 2012இல் எச்சரித்தவர்கள் தங்கள் விடையை விடை என்று அறிவித்துவிட்டு எழுந்து போகவில்லை. அதை ஒரு வேட்பாளராக வைத்துக்கொண்டு, கடலிடமே திருப்பி அனுப்பிக் கேட்டார்கள். 3ஐயும் −2ஐயும் பெற்ற மாணவன், சரிபார்க்கும்வரை, இரண்டில் எதையும் நம்பவும் கூடாது, எதையும் எறியவும் கூடாது. இந்த இடைநிலையில் நிற்பது மனிதருக்கு மிகவும் கடினம். நாம் ஒரு செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிடுகிறோம், அல்லது புரளி என்று தள்ளிவிடுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிய பேச்சானாலும் அப்படித்தான். காத்திருக்கும் நேரத்தில் செயலற்றிருக்க வேண்டும் என்பதில்லை. அலை வருமோ என்ற ஐயம் இருக்கையில் மேட்டுக்குப் போவதுதான் முறை. போய் நின்றுகொண்டு, முடிவு தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் அரிது.

வகுப்பறையில் இதைவிடவும் அரிதான ஒன்றைக் கண்டிருக்கிறேன். √க = −3 என்று ஒரு கணக்கைப் பலகையில் எழுதினால், பிள்ளைகள் உற்சாகமாக வர்க்கப்படுத்தி 9 என்று சொல்லிவிடுவார்கள். திரும்பி வைத்துப் பாருங்கள் என்றால் √9 = 3; −3 அன்று. அங்கே தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ள இரண்டாவது விடை எதுவும் இல்லை. ‘தீர்வு இல்லை’ என்று எழுத வேண்டும். எழுதச் சொன்னால் கை தயங்கும். எத்தனை வரி உழைத்தோம், கடைசியில் ஒன்றுமில்லை என்று எழுதுவதா? தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா? முழு மதிப்பெண் உண்டு என்று உறுதி சொன்ன பிறகே எழுதுவார்கள். கேள்விக்கு விடையில்லை என்பதைவிடப் பொய்யான ஒரு விடை இருப்பது மேல் என்ற எண்ணம் எவ்வளவு இளமையிலேயே நமக்குள் குடியேறிவிடுகிறது!

இனி உப்பளத்துக்கு வருவோம். உப்பு விளைவிக்கிறவர் வெயிலைக் கொண்டு நீரைச் சுருக்குகிறார். அடர்த்திமானி காட்டும் அளவில், கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. பாத்தி பாத்தியாக ஏற்றிக் காயவிட்டு 25 டிகிரியை எட்டியதும் உப்புப் பூக்கத் தொடங்கும். அப்படியே விட்டுவிட்டால் 29, 30 டிகிரிக்கு மேல் மக்னீசிய உப்புகளின் கசப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். உப்பைத் தந்த அதே வெயில்தான் கசப்பையும் தருகிறது. வெயிலை எவரும் குறை சொல்வதில்லை. இத்தனை நாள் காய்ந்தது, ஆகவே இத்தனை டிகிரி வந்திருக்கும் என்று வரப்பில் உட்கார்ந்தபடி கணக்கிட்டு முடிவு செய்வதும் இல்லை. மானியை நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்தத் தொழிலாளரைப் பற்றி நாம் போடும் கணக்கில் இந்த முறையைப் பின்பற்றுகிறோமா? மரக்காணத்தில் உப்பு விளைவது தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரைதான். மழை விழுந்தால் பாத்தி கரைந்துவிடும், வேலை நின்றுவிடும். கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம்; இது எவருடைய கூலியும் அன்று. ஒரு குடும்பம் ஒன்பது மாதம், மாதத்துக்கு 9,000 ரூபாய் பெறுகிறது. மூன்று மாதம் ஒன்றும் பெறவில்லை. ஆண்டு வருமானம் 81,000. பன்னிரண்டால் வகுத்தால் மாத வருமானம் 6,750 ரூபாய். கூட்டலில் பிழையில்லை, வகுத்தலில் பிழையில்லை. இந்த 6,750 ஒரு படிவத்தில் ஏறுகிறது. படிவம் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குப் போகிறது. அதைக் கொண்டு ஒரு கடன் மறுக்கப்படலாம், ஓர் உதவித்தொகை குறைக்கப்படலாம், ‘மாதம் இவ்வளவு வருகிறதே, சேமிக்கத் தெரியவில்லையே’ என்று பங்கில் நன்கொடை திரட்டும் ஒருவர் அறிவுரை சொல்லவும் கூடும். அவர்களில் எவரும் பொய்யர் அல்லர்.

ஆயினும் அந்தக் குடும்பத்தின் கையில் 6,750 ரூபாய் வந்த மாதம் என்று ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு மாதங்களில் எதிலே வைத்துப் பார்த்தாலும் அந்த எண் பொருந்தாது. ஏப்ரலில் வைத்தால் குறைவு. நவம்பரில் வைத்தால், அடுப்பு எரியாத வீட்டில் 6,750 ரூபாய் இருப்பதாகச் சொல்லும் விந்தையான எண் அது. சராசரி காண்பதும் வர்க்கப்படுத்துதலைப் போன்றதே. மேடும் பள்ளமும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. ‘ஆண்டு முழுதும் சேர்த்து இக்கரையில் எவ்வளவு பணம் கைமாறுகிறது?’ என்ற கேள்விக்கு அது உண்மையான விடைதான். ‘இந்த வீட்டில் மழைக்காலத்தில் என்ன சாப்பிடுகிறார்கள்?’ என்ற கேள்விக்கு அன்று. அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அது போதுமா என்பது வேறு பேச்சு. யாரோ ஒருவர் சராசரியை நவம்பரில் வைத்துப் பார்த்திருக்கிறார் என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது.

இந்த ஒப்புமைக்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு. அதை மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. கரும்பலகையில் தொடக்க வரி அழியாமல் நிற்கிறது. மாணவன் கண்ணை உயர்த்தினால் போதும். வாழ்க்கையில் நாம் முடிவுக்கு வந்து சேர்வதற்குள் தொடக்க வரி அழிந்துவிடுகிறது. எந்தக் கேள்விக்காகக் கிளம்பினோம் என்பதே நினைவில் இருப்பதில்லை. ஒரு பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்படுகிறது. முப்பது ஆண்டுகள் கழித்துத் தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிட்டு மகிழ்கிறது. விழுக்காடு உண்மைதான், ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை? தொடக்க வரி இல்லாதபோது எங்கே திரும்பி வைத்துப் பார்ப்பது? இந்த மறுப்புக்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். தொடக்க வரி அழிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் பல இடங்களில் அதை வேறு யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் அவர்களைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உப்பளக் கூலியில் வாழும் குடும்பங்களுக்குக் கடனாகப் பொருள் கொடுக்கும் சிறு மளிகைக் கடைகளில் பற்று ஏடு ஒன்று இருக்கும். அரிசி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று தேதி வாரியாகப் பென்சிலால் எழுதிய ஏடு. வேலை நடக்கும் மாதங்களின் பக்கங்களில் வரவும் பற்றும் மாறி மாறி வரும், அடித்த கோடுகளும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் பற்று மட்டுமே வரும்.